போரிஸ் கார்லோஃபின் திரைப்பணியைப் படநூலாக்குதல்: அட்டவணையிலிருந்து அச்சு வரை

பழைய திகில் பட நடிகர் ஒருவரின் திரைப்பணியைப் போற்றும் படநூலைத் தொகுக்க விரும்புவோர் பெரும்பாலும் படங்களைச் சேர்ப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் தொடங்கினேன். எட்டு மாதத்தில் அறுநூறு படங்கள் சேர்ந்தன. அவற்றில் எவை எந்தத் திரைப்படத்தைச் சேர்ந்தவை, எவற்றை அச்சிட உரிமை உண்டு, எவை அச்சிடும் தரத்தில் உள்ளன என்று பிரிக்க உட்கார்ந்தபோது பாதிக்கும் மேல் பயனற்றுப் போயின. அதன் பிறகு புதியவர்கள் சிலருக்கு இவ்வேலையில் துணை நின்றிருக்கிறேன். அவர்களும் ஏறக்குறைய இதே வரிசையில், இதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். ஆகவே இந்த வழிகாட்டி வேலையின் வரிசையை முதன்மையாகக் கொண்டது. எடுத்துக்காட்டுக்குப் போரிஸ் கார்லோஃபை எடுத்துக்கொள்கிறேன். சிக்கல்கள் அத்தனையும் ஒரே நடிகரிடம் கிடைப்பது இவரிடத்தில்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படங்கள் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஒரு விரிதாள், நடிகரின் கிடைக்கக்கூடிய திரைப்படங்களின் நல்ல டிஸ்க் பதிப்புகள், பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி, சமதளப் படுக்கை கொண்ட ஒரு ஸ்கேனர், உரிமைக் கடிதங்களைச் சேர்த்து வைக்க ஒரு கோப்பு ஆகியவை போதும்.

திரைப்படங்களை முன்பே பார்த்தவர் என்றாலும் வேலை தொடங்கிய பின் மீண்டும் பார்க்க வேண்டும். ரசிகராகப் பார்க்கும்போது கண் முகத்தில் நிற்கும். தொகுப்பாளர் பார்க்க வேண்டியது கோட்டுப் பொத்தானையும் பின்சுவரையும் உடன் நிற்பவரையும்.

2. நூலின் எல்லையை ஒரு பக்கத்துக்குள் எழுதுதல்

கார்லோஃப் 1887 நவம்பர் 23 அன்று லண்டனில் வில்லியம் ஹென்றி பிராட் என்ற பெயரில் பிறந்து, 1969 பிப்ரவரி 2 அன்று மறைந்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் தவிர பிராட்வே மேடை, வானொலி, தொலைக்காட்சி, குழந்தைகளுக்கான இசைத்தட்டுகள் என்று அவரது பணி பரந்து கிடக்கிறது. நூல் திரைப்பணியைப் பற்றியது என்றால் மற்றவற்றுக்கு எவ்வளவு இடம் என்பதை முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், 1941-இல் மேடையேறிய நாடகத்தின் அழகான ஒளிப்படம் ஒன்று கைக்கு வந்ததும் நூலின் எல்லை தானாக நகரத் தொடங்கும்.

தமிழ் வாசகருக்கு எழுதுகிறவருக்கு இன்னொரு சபலமும் உண்டு. கார்லோஃபின் தந்தை இந்தியாவில் பிரிட்டிஷ் அரசின் உப்பு வருவாய்த் துறையில் அதிகாரியாக இருந்தவர். தாயின் வழியில், சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்த ஆன்னா லியோனோவென்ஸ் உறவு. இரண்டும் சுவையானவை. ஆனால் திரைப்பணி நூலில் அவற்றுக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் தந்தால், அந்தப் பக்கங்களுக்குப் பொருத்தமான படம் தேடியே ஒரு மாதம் போய்விடும்.

3. திரைப்பட அட்டவணையை முதலில் முடித்தல்

இதுவே நூலின் முதுகெலும்பு. ஒவ்வொரு திரைப்படத்துக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தலைப்பு, மாற்றுத் தலைப்பு, தயாரிப்பு நிறுவனம், இயக்குநர், படப்பிடிப்புக் காலம், முதல் வெளியீட்டு நாள், பாத்திரத்தின் பெயர், பெயர்ப்பட்டியலில் நடிகரின் பெயர் இடம்பெற்ற விதம் என்று எட்டுப் பத்திகள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினால் நான்கு பத்திகள்தான் நிரம்பும். மற்ற நான்கில்தான் பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

படப்பிடிப்புக் காலத்தைத் தனிப் பத்தியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 'ஸ்கார்ஃபேஸ்' 1932-இல் வெளியானது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1931 நவம்பரில் வெளியானது. வெளியீட்டு வரிசையை மட்டும் வைத்து எழுதினால், உலகப் புகழ் பெற்ற பிறகு கார்லோஃப் ஏன் ஒரு கும்பல் தலைவனாகச் சிறு வேடத்தில் வந்து பௌலிங் அரங்கில் சுடப்பட்டுச் சாகிறார் என்று வாசகர் குழம்புவார். உண்மையில் 'ஸ்கார்ஃபேஸ்' முன்பே எடுக்கப்பட்டு, தணிக்கைச் சிக்கலால் தாமதமாக வந்த படம்.

இதைவிடச் சிக்கலான இடம் 1944. தயாரிப்பாளர் வால் லூட்டனுக்காக ஆர்கேஓ நிறுவனத்தில் 'ஐல் ஆஃப் தி டெட்' அந்த ஆண்டின் கோடையில் தொடங்கி, கார்லோஃபின் முதுகு அறுவை சிகிச்சையால் பாதியில் நின்றது. அவர் திரும்பி வந்து 'தி பாடி ஸ்நாட்சர்' படத்தை முடித்த பிறகு, டிசம்பரில் முன்னதன் மிச்சம் எடுக்கப்பட்டது. 1945-இல் முதலில் வெளியானதும் 'தி பாடி ஸ்நாட்சர்'தான். இந்த இரண்டு படங்களின் ஒளிப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "உடல்நலம் தேறியதை முகத்தில் காணலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தப் படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை அட்டவணையில் குறிக்காமல் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதவே கூடாது.

தலைப்புகளும் ஏமாற்றும். 'தி ரேவன்' என்று கார்லோஃபுக்கே இரண்டு படங்கள் உண்டு: 1935-இல் ஒன்று, 1963-இல் ஒன்று. 'தி பிளாக் கேட்' 1934-இல் கார்லோஃபும் இன்னொரு திகில் நடிகரான பெலா லுகோசியும் சேர்ந்து நடித்தது. அதே தலைப்பில் 1941-இல் வந்த படத்தில் லுகோசி உண்டு, கார்லோஃப் இல்லை. 1936-இல் இங்கிலாந்தில் எடுத்த 'தி மேன் ஹூ சேஞ்சுடு ஹிஸ் மைண்ட்' அமெரிக்காவில் வேறு தலைப்பில் ஓடியது. அமெரிக்கப் போஸ்டர் கையில் கிடைத்தவர் அதைத் தனிப் படமாக எண்ணி அட்டவணையில் கூடுதல் வரி சேர்ப்பது வழக்கமான பிழை.

பெயர்ப்பட்டியல் பத்தியைச் சிறு வேலை என்று தள்ளிவிடாதீர்கள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' தொடக்கப் பட்டியலில் கார்லோஃப் ஏற்ற மான்ஸ்டர் (பிணங்களிலிருந்து உருவாக்கப்பட்ட உயிர்) பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது; நடிகரின் பெயர் இறுதிப் பட்டியலில்தான் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தபோது முதற்பெயர் கூட இல்லாமல் 'கார்லோஃப்' என்று மட்டும் போட்டார்கள். திரைப்பணி எப்படி வளர்ந்தது என்பதை இந்த ஒரு பத்தி சொல்லிவிடும். அந்த இரண்டு பட்டியல்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தாலே ஒரு நல்ல இரட்டைப் பக்கம் கிடைத்துவிடும்.

அட்டவணையைச் சரிபார்க்க அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் ஏஎஃப்ஐ கேட்டலாக் முதல் துணை. அக்காலத் திரைத்தொழில் இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி இரண்டாவது துணை. திரையில் ஓடும் பெயர்ப்பட்டியல் மூன்றாவது. மூன்றும் முரண்பட்டால் பெயர்களுக்குத் திரையையும் நாள்களுக்கு இதழ்களையும் நம்பலாம்.

4. பக்கங்களைப் பங்கிடுதல்

பங்கீடு படத்தேடலுக்கு முன் நடக்க வேண்டும். இல்லையெனில் எளிதில் கிடைக்கும் படங்களே நூலின் வடிவத்தைத் தீர்மானிக்கும். கார்லோஃபைப் பொறுத்தவரை எளிதில் கிடைப்பவை 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்த யூனிவர்சல் நிறுவனத்தின் 1931 முதல் 1935 வரையிலான படங்கள். கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் அந்த ஐந்து ஆண்டுகள் நூலின் முக்கால் பங்கை விழுங்கிவிடும்.

அச்சகங்கள் நூலைப் பதினாறு பக்கப் பாரங்களாக அச்சிடுவதால் பன்னிரண்டு பாரம், அதாவது 192 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பக்கங்களுக்கு 8, இறுதியில் அட்டவணை, சொல்லடைவு, பட உரிமைக் குறிப்புகளுக்கு 24 போக 160 பக்கங்கள் மிஞ்சும். நான் பங்கிட்ட விதம் இது: 1931-க்கு முந்தைய துணை வேடங்களுக்கு 16, யூனிவர்சலின் முதல் அலைக்கு 56, 1936 முதல் 1941 வரை 24, நாற்பதுகளின் மிச்சத்துக்கு 28, ஐம்பதுகளுக்கு 10, இறுதிப் பத்தாண்டுக்கு 26.

ஐம்பதுகளுக்குப் பத்துப் பக்கம் குறைவு என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இறுதிப் பத்தாண்டைக் குறைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்: மாரியோ பாவா, ரோஜர் கோர்மன், மைக்கேல் ரீவ்ஸ், பீட்டர் போக்டனோவிச் என்று அடுத்த தலைமுறை இயக்குநர்கள் அவரைத் தேடி வந்த காலம் அது. 1968-இன் 'டார்கெட்ஸ்' படத்துக்கு மட்டுமே ஆறு பக்கம் ஒதுக்கினேன். முதிர்ந்த திகில் நடிகராகவே அவர் நடித்த அந்தப் படம், முந்தைய பக்கங்களில் வாசகர் பார்த்தவற்றைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

5. உரிமையை விசாரித்தல்

படங்கள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. புதியவர்களுக்கு வரும் முதல் குழப்பம், ஒளிப்படத் தாளை விலைக்கு வாங்கினால் அதை அச்சிடும் உரிமையும் வந்துவிடும் என்ற எண்ணம். வராது. தாள் உங்களுடையது, பதிப்புரிமை இருந்தால் அது இன்னொருவருடையது.

அமெரிக்கச் சட்டப்படி 1931-இல் வெளியாகி முறையாகப் புதுப்பிக்கப்பட்ட திரைப்படங்களுக்கான பாதுகாப்பு 95 ஆண்டுகள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' 2027 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிறது, அதாவது யாரும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் 1935-இன் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' புதிதாகச் சேர்த்த உருவங்கள் 2031 வரை காத்திருக்க வேண்டும். 1978-க்கு முன் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமலே பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட விளம்பர ஒளிப்படங்கள் பெரும்பாலும் அங்கே பொதுவுடைமை. ஆகையால் ஒவ்வொரு ஒளிப்படத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பார்த்துக் குறிப்பு உண்டா இல்லையா என்று எழுதி வைக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், ஒளிப்படத்துக்கு 2012-இன் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பது கணக்கு. நூல் எந்தெந்த நாடுகளில் விற்கப்படுமோ அந்தந்த நாட்டுக் கணக்கு பொருந்தும் என்பதால், விற்பனை எல்லையை முடிவு செய்யாமல் உரிமையைப் பற்றிப் பேசவே முடியாது.

நடிகரின் தோற்றத்துக்கான உரிமை இதிலிருந்து தனி. கலிஃபோர்னியச் சட்டம் மறைந்த நடிகரின் பெயரையும் உருவத்தையும் வணிகப் பொருள்களில் பயன்படுத்தும் உரிமையை 70 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்குத் தருகிறது. நூல்களுக்கு அதில் விலக்கு உண்டு. நூலோடு இலவசமாகத் தரும் கோப்பைக்கும் சட்டைக்கும் அந்த விலக்கு இல்லை. வெளியீட்டு விழாவுக்கு மான்ஸ்டர் முகம் பதித்த பைகள் தைக்க ஆசைப்படுபவர்கள் அந்த ஆசையை இந்தப் படியிலேயே விட்டுவிடுவது நல்லது.

படமுகமைகளிடம் விலை கேட்கும்போது ஐந்து விவரங்களை ஒரே கடிதத்தில் எழுதுங்கள்: அச்சு எண்ணிக்கை, மொழி, விற்பனை நாடுகள், படம் பக்கத்தில் பிடிக்கும் அளவு, அட்டையா உள்பக்கமா என்பது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மிக உயர்ந்த விலையைச் சொல்வார்கள், அல்லது பின்னால் மீண்டும் கேட்பார்கள். சந்தேகம் எழும் படங்களை வழக்கறிஞரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

6. படங்களைத் தேடி வகை பிரித்தல்

இப்போதுதான் படங்கள். லாஸ் ஏஞ்சலஸ் அருகே பெவர்லி ஹில்ஸிலுள்ள மார்கரெட் ஹெரிக் நூலகமும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் பிஎஃப்ஐ தேசிய ஆவணக்காப்பகமும் கடிதம் எழுத வேண்டிய முதல் இரண்டு இடங்கள். பிறகு சேகரிப்பாளர்களும் ஏலக்கூடங்களும். பெரிய போஸ்டர்களின் அசலை யாரும் கையில் தரமாட்டார்கள்: 'தி மம்மி' படத்தின் ஒற்றைத்தாள் போஸ்டர் ஒன்று 1997-இல் சோத்பீஸ் ஏலத்தில் 4,53,500 டாலருக்குப் போனது. ஏலப் பட்டியலுக்காக எடுக்கப்பட்ட உயர்தரக் கோப்பைக் கேட்டு வாங்குவதே நடைமுறை.

வரும் ஒவ்வொன்றையும் ஸ்டில் (விளம்பரத்துக்கென எடுத்த காட்சி ஒளிப்படம்), உருவப்படம், படப்பிடிப்புத் தளத்தில் எடுத்தது, லாபி கார்டு (திரையரங்கு முகப்பில் வைக்கும் அட்டை), போஸ்டர், பிரஸ்புக் (விளம்பரக் கையேடு) பக்கம், திரைச்சட்டகம் (திரைப்படத்திலிருந்தே எடுத்த ஒற்றைச் சட்டகம்) என்று வகைப்படுத்தி விரிதாளில் ஏற்றுங்கள். வகையைக் கண்டுபிடிக்க அளவே பெரும்பாலும் போதும். அமெரிக்க ஸ்டில் 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் உயரம், அல்லது அதன் மறுதலை. லாபி கார்டு 11-க்கு 14. வழக்கமாக எட்டு அட்டைகள் ஒரு தொகுதி. ஒற்றைத்தாள் போஸ்டர் 27-க்கு 41, செங்குத்தான இன்செர்ட் 14-க்கு 36, அரைத்தாள் 22-க்கு 28. பிரிட்டிஷ் க்வாட் 30-க்கு 40, படுக்கைவாக்கில். இந்த அளவுகளுக்குப் பொருந்தாத 'அசல்' ஏதாவது வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள்.

மறுவெளியீட்டுப் பொருள்களே மிகப் பெரிய பொறி. யூனிவர்சலின் திகில் படங்களை 1940-களின் பிற்பகுதியிலிருந்து ரியலார்ட் என்ற நிறுவனம் மீண்டும் திரையிட்டது. அதற்கான போஸ்டர்களும் லாபி கார்டுகளும் அழகாகவே இருக்கும். 1940-லிருந்து, விளம்பரப் பொருள்களை விநியோகித்த நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் வழியாக வந்தவற்றில் கீழ் விளிம்பில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள், ஒரு சாய்கோடு, பிறகு வரிசை எண் இருக்கும். மறுவெளியீடு என்றால் அதற்கு முன்னால் ஆர் என்ற எழுத்து. விளிம்பை வெட்டி அனுப்பும் விற்பனையாளரிடம் முழுத்தாளின் படத்தைக் கேளுங்கள். 1951 போஸ்டரை 1931 என்று அச்சிட்ட நூலை எந்தச் சேகரிப்பாளரும் மறக்கமாட்டார்.

முப்பதுகளின் தொடக்கத்தில் வந்த யூனிவர்சல் போஸ்டர்கள் கல்லச்சில் அச்சானவை. உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்தால் நிறங்கள் சொரசொரப்பான படலமாகத் தெரியும். சீரான புள்ளி வரிசைகள் தெரிந்தால் கையில் இருப்பது பிற்கால மறுபதிப்பு.

7. மான்ஸ்டர் யார் என்று உறுதிசெய்தல்

இந்தப் படியைத் தனியாக எழுதக் காரணம், இதில் தவறாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மான்ஸ்டரைக் கார்லோஃப் திரைப்படத்தில் ஏற்றது மூன்றே முறை: 1931, 1935, 1939. அதன் பிறகு 1942-இல் லான் சேனி ஜூனியர், 1943-இல் லுகோசி, 1944 முதல் 1948 வரை கிளென் ஸ்ட்ரேஞ்ச் என்று ஒப்பனை கைமாறியது. 1944-இன் 'ஹவுஸ் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கார்லோஃப் இருக்கிறார். ஆனால் மருத்துவர் நீமனாக. அதே படத்தின் ஸ்டில்களில் மான்ஸ்டராக இருப்பவர் ஸ்ட்ரேஞ்ச். படமுகமை ஒன்றிடமிருந்து கார்லோஃப் என்று எழுதி எனக்கு வந்த பதினோரு மான்ஸ்டர் படங்களில் நான்கு ஸ்ட்ரேஞ்சுடையவை.

கார்லோஃபின் மூன்று படங்களையும் பிரிக்க ஒரு ஸ்டில்லை விளக்கின் கீழ் வைத்துக் கன்னத்திலிருந்து தொடங்குங்கள். 1931-இல் கார்லோஃப் வாயிலிருந்த பல்கட்டைக் கழற்றிவிட்டு நடித்தார்; அதனால் ஒரு பக்கக் கன்னம் ஆழமாகக் குழிந்து, அந்தக் குழியில் நிழல் தேங்கி நிற்கும். இமைகள்மேல் ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ் வைத்த மெழுகு கண்களைப் பாதி மூடியிருக்கும். 1935-இல் மான்ஸ்டர் பேச வேண்டியிருந்ததால் பல்கட்டு வாயிலேயே இருந்தது. முகம் நிறைந்து தெரியும். முந்தைய படத்தின் காற்றாலைத் தீயில் கருகியதாக முடி குட்டையாகி, கன்னத்தில் தீப்புண் தழும்பு இருக்கும். 1939-இன் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்றால் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். கறுப்புக் கோட்டுக்குப் பதிலாக ஆட்டுத்தோல் மேலாடை இருக்கும்.

ஒப்பனை சரியாக இருந்தும் திரைப்படத்தைச் சேராத படங்களும் உண்டு. 1940-இல் ஹாலிவுட்டில் நடந்த அறக்கொடைப் பேஸ்பால் ஆட்டத்துக்குக் கார்லோஃப் மான்ஸ்டர் வேடத்தில் வந்தார். 1962-இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக மீண்டும் அந்த ஒப்பனையைப் போட்டார். 1948-இல் அபாட், காஸ்டெல்லோ இணை மான்ஸ்டரோடு மோதும் நகைச்சுவைப் படத்தில் அவர் நடிக்கவில்லை. ஆனால் அதன் விளம்பரத்துக்காக நியூயார்க் திரையரங்கு வாசலில் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டார். அந்த ஒளிப்படத்தைக் கண்டு அவரை நடிகர் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

'டார்கெட்ஸ்' திரைச்சட்டகங்களிலும் கவனம் வேண்டும். அதற்குள்ளேயே 1963-இன் 'தி டெரர்' காட்சிகளும் 1931-இன் 'தி கிரிமினல் கோட்' காட்சியும் ஓடுகின்றன.

8. ஸ்கேன் செய்தல்

8-க்கு 10 ஸ்டில்லை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், 16 பிட் சாம்பல்நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். 4800-க்கு 6000 புள்ளிகள் கிடைக்கும்; அச்சுக்குத் தேவையான 300-இல் அது 16-க்கு 20 அங்குலம் வரை தாங்கும். முழுப்பக்கத்துக்கு மேலேயே கையிருப்பு இருப்பதால் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கவும் இடம் இருக்கும். பின்புறத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் விளம்பரத்துண்டும் பத்திரிகை முத்திரையும்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. முன்புறத்தின் கீழ் மூலையில் இருக்கும் தயாரிப்பு எண்ணை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அந்த எண்ணின் முற்பகுதி படத்தையும் பிற்பகுதி ஸ்டில் வரிசையையும் குறிக்கும். ஒரே படத்தின் இருபது ஸ்டில்களை வரிசைப்படுத்தினால் பெயர் தெரியாத இருபத்தோராவது ஸ்டில்லின் வீடு தானாகத் தெரியும்.

திரைச்சட்டகங்களைப் பற்றி ஒரு கணக்கு. ப்ளூரே சட்டகம் 1920-க்கு 1080 புள்ளி. ஆனால் அக்காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம் என்பதால் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் போக 1480-க்கு 1080 அளவே உண்மையான படம். 300-இல் அது ஐந்து அங்குல அகலம் கூட வராது. திரைச்சட்டகத்தை முழுப்பக்கத்துக்கு இழுத்தவர்களின் நூல்களை அச்சுப்படியிலேயே பார்த்திருக்கிறேன். முகம் கஞ்சி போட்ட துணி போல விறைத்திருக்கும். கால்பக்க அளவில், நான்கு சட்டகங்களை வரிசையாக வைத்து ஓர் அசைவைக் காட்டுவதற்கே அவை பொருந்தும்.

தூசியும் கீறலும் நீக்கலாம்; ஒளிப்படத்தின் இயல்பான துகள்மணிகளை (கிரெய்ன்) வழித்து முகத்தை மெழுகாக்க வேண்டாம். கறுப்பு வெள்ளை ஸ்டில்லுக்கு நிறம் ஏற்றவும் வேண்டாம். லாபி கார்டுகளின் நிறங்கள் அச்சகத்தில் ஏற்றப்பட்டவை. அவற்றை வைத்து மான்ஸ்டரின் தோல் எந்த நிறத்தில் இருந்தது என்று தீர்மானிக்க முடியாது.

9. படவிளக்கம் எழுதுதல்

படநூலில் வாசகர் முதலில் படிப்பதும், பலர் கடைசி வரை படிப்பதும் படவிளக்கங்களை மட்டுமே. ஆகவே கட்டுரைகளுக்கு முன் அவற்றை எழுதுங்கள். கட்டுரை எதைச் சொல்லாமல் விடலாம் என்பது அப்போது தெரிந்துவிடும்.

திரைப்படத்தை ஓடவிட்டு, ஸ்டில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அக்கால ஸ்டில்களைத் தனி ஒளிப்படக்காரர் தளத்தில் பெரிய கேமராவை நிறுத்தி, நடிகர்களை அசையாமல் நிற்க வைத்து எடுத்தார். யூனிவர்சலில் ரோமன் ஃப்ராய்லிக் அப்படிப்பட்டவர். அதனால் ஸ்டில்லில் இருக்கும் கோணமும் கைவைப்பும் திரையில் இருக்காது. சில நேரம் அந்தக் காட்சியே இருக்காது. "இந்தக் காட்சியில்" என்று தொடங்கும் முன் காட்சி உண்டா என்று பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மான்ஸ்டரும் சிறுமி மரியாவும் ஏரிக்கரையில் மண்டியிட்டுப் பூக்களை வைத்துக்கொண்டிருக்கும் ஸ்டில் எல்லாருக்கும் தெரிந்தது. "ஏரிக்கரையில் மான்ஸ்டரும் சிறுமியும்" என்பது படவிளக்கம் ஆகாது. அது கண்ணுக்கே தெரிகிறது. சிறுமி மர்லின் ஹாரிஸ் என்பதும், எடுத்த இடம் லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே மாலிபூ ஏரி என்பதும், மிதக்கும் பூவைப் போலச் சிறுமியும் மிதப்பாள் என்று எண்ணி மான்ஸ்டர் அவளைத் தூக்கி எறியும் பகுதி பிற்கால மறுவெளியீடுகளில் வெட்டப்பட்டு 1980-களில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது என்பதும் மூன்று வாக்கியங்கள். அந்த வெட்டால் பல பத்தாண்டுகளாகப் பார்வையாளர்கள் மான்ஸ்டர் கையை நீட்டுவதை மட்டும் கண்டு, அடுத்து இறந்த குழந்தையைத் தந்தை தூக்கி வருவதைக் கண்டார்கள் என்று நான்காவது வாக்கியத்தில் எழுதினால், ஸ்டில்லை வாசகர் திரும்பவும் பார்ப்பார்.

இரட்டை வேடங்களில் எந்த வேடம் என்று எழுதாமல் விடக்கூடாது. 1935-இன் 'தி பிளாக் ரூம்' படத்தில் கார்லோஃப் இரட்டையர்; தம்பி ஆன்டனுக்கு வலக்கை செயலற்றது. பின்னால் கொடியவனான அண்ணன் கிரெகோர், தம்பியைக் கொன்று தம்பியாக நடிப்பதால் வலக்கையை அசைக்காமல் வைத்திருக்கிறான். ஆகவே கை தளர்ந்திருக்கும் ஸ்டில்லில் இருப்பவர் ஆன்டனா, ஆன்டனாக நடிக்கும் கிரெகோரா என்பதை உடையையும் காட்சியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எண்களை நம்ப வேண்டாம். காலணியின் எடை, ஒப்பனைக்கு ஆன மணி நேரம், கட்டிய துணியின் நீளம் போன்றவை பெரும்பாலும் பிரஸ்புக்கில் விளம்பரத் துறை எழுதியவை. நூலுக்கு நூல் எடை கூடிக்கொண்டே போகும். பிரஸ்புக் சொன்னது என்று குறிப்பிட்டு எழுதலாம், இல்லையெனில் விட்டுவிடலாம்.

10. பெயர்களைத் தமிழில் நிலைப்படுத்துதல்

கார்லோஃப், கார்லாஃப், கர்லோஃப் என்று ஒரே நூலில் மூன்று விதமாக வந்துவிடும். எல்லாப் பெயர்களுக்கும் தலைப்புகளுக்கும் ஒரே எழுத்துமுறையில் ஒரு பட்டியல் செய்து, கட்டுரையாளர், மெய்ப்புப் பார்ப்பவர், பக்கம் அமைப்பவர் மூவருக்கும் கொடுங்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கியவனின் பெயர். உருவாக்கப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. அதையும் இந்தப் பட்டியலின் முதல் வரியில் எழுதி வைத்தால் பாதித் திருத்தங்கள் மிச்சம்.

11. பக்கங்களை அமைத்தல்

காட்சி ஸ்டில்கள் பெரும்பாலும் படுக்கைவாக்கு, உருவப்படங்கள் செங்குத்து. எட்டரைக்குப் பதினொன்று செங்குத்து நூலில் படுக்கைவாக்கு ஸ்டில் அரைப்பக்கம்தான் வரும் என்பதால் முக்கியமானவற்றை இரட்டைப் பக்கத்தில் பரப்பத் தோன்றும். பரப்பலாம், ஆனால் நடு மடிப்பில் இருபுறமும் அரை அங்குலம் விழுங்கப்படும். அந்த இடத்தில் முகமோ கையோ விழக்கூடாது. முன்மாதிரிப் புத்தகம் ஒன்றை வெள்ளைத்தாளில் தைத்து, படத்தின் நகலை ஒட்டி, திறந்து பாருங்கள். கணினித் திரையில் மடிப்பு இல்லை.

பக்க அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்புவது இந்த வகை நூல்களில் மன்னிக்க முடியாத குற்றம். நடிகர் பக்கத்துக்கு வெளியே பார்க்கிறார் என்று 'தி பிளாக் ரூம்' ஸ்டில் ஒன்றை வடிவமைப்பாளர் திருப்பிவிட்டார்; செயலற்ற கை இடக்கையாக மாறியது. அச்சுக்குப் போகும் முந்தைய இரவில், வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இப்போது ஒவ்வொரு படத்தையும் மூல ஸ்கேனோடு ஒப்பிடுவதைத் தனி வேலையாகவே ஒருவருக்குக் கொடுக்கிறேன்.

12. அச்சுப்படி பார்த்தல்

இந்தப் படங்களின் உயிர் கறுப்பில் இருக்கிறது. ஒற்றைக் கறுப்பு மையில் அச்சிட்டால் நிழல்கள் சாம்பலாகும். நான்கு நிறத்தையும் கூட்டிக் கறுப்பாக்கினால் சிறு நகர்விலேயே முகத்தின் விளிம்பில் சிவப்போ பச்சையோ தலைகாட்டும். கறுப்பும் ஒரு சாம்பல் மையும் சேர்த்து இருநிறத்தில் அச்சிடுவதே என் தேர்வு. போஸ்டர்கள் வரும் பாரங்களை மட்டும் நான்கு நிறத்தில் வைத்தால் செலவும் கட்டுக்குள் நிற்கும். பங்கீட்டின்போதே நிறப்படங்களை ஒரே பாரங்களில் சேர்த்திருந்தால்தான் இது கைகூடும்.

தாள் 150 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர். பளபளப்பான தாளில் கறுப்பு இன்னும் ஆழமாகும் என்பது உண்மைதான். ஆனால் முழுக்கறுப்புப் பக்கத்தில் விளக்கும் வாசகரின் முகமும் பிரதிபலிக்கும். பைண்டிங் நூல் தையலாக இருக்கட்டும். பசை மட்டும் போட்ட கனத்த ஆர்ட் பேப்பர் நூல் இரட்டைப் பக்கம் விரியும்போது முதுகில் வெடிக்கும்.

அச்சுப்படிக்கு நூலின் மிக இருண்ட படத்தைக் கேளுங்கள். நான் கொடுப்பது 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' படத்தில் பணியாள் மோர்கனாகக் கார்லோஃப் இருளிலிருந்து முன்வரும் ஸ்டில். தாடிக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள நிழலில் சட்டைக் காலர் தெரிகிறதா என்று உருப்பெருக்கும் கண்ணாடியில் பாருங்கள். தெரியாவிட்டால் மை அதிகம். அந்தத் தாளில் பிழை என்று எழுதிக் கையொப்பமிட்டு, அச்சக மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த தாள் வரும் வரை எந்திரத்தின் அருகிலேயே நில்லுங்கள்.